நன்கு கவனித்தனர்

தம்பியின் முதுகில் ஒரு லத்தி உடைந்தது. லத்தியை உடைத்ததற்காகத் தம்பி மீது வழக்குப் போட்டார்கள்.

அவன் தண்ணீர் கேன் வண்டி ஓட்டுபவன். ஒரு சந்தின் வாயை அடைத்துக்கொண்டு ஒரு ஜீப் நின்றிருந்தது. இரண்டு முறை ஹாரன் அடித்தான். மூன்றாம் முறை அடித்தபோது ஜீப்பிலிருந்து இன்ஸ்பெக்டர் இறங்கினார். அப்போது மணி பத்துகூட ஆகவில்லை. பகல் பன்னிரண்டுக்கு ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்தபோது தம்பிக்கு இடது காது கேட்கவில்லை. ஆனால் குற்றப்பத்திரிகை வேறு கதை சொன்னது. காலை பத்தே முக்காலுக்கு, நடுச்சாலையில், பணியில் இருந்த இன்ஸ்பெக்டரின் லத்தியைப் பிடுங்கித் தன் முழங்காலில் வைத்து முறித்தானாம். அரசாங்கச் சொத்துக்குச் சேதம். அடுத்த மாதம் இருபத்தெட்டாம் தேதி கோர்ட். தீர்ப்பு பாதகமானால் லைசென்ஸ் போய்விடும். லைசென்ஸ் போனால் அவனுக்குத் தெரிந்த வேறு வேலை எதுவும் கிடையாது.

அவனுடைய அக்கா ஒரு ரெடிமேட் சட்டைக் கடையில் காஜா எடுப்பவள். பொத்தான் நுழைகிற துளைக்குச் சுற்றிலும் நூல் கட்டுகிற வேலை. ஒரு நாளைக்கு அறுநூறு துளை. அந்த வட்டாரத்தில் அவளை எல்லோரும் காஜா அக்கா என்றே கூப்பிட்டார்கள். பேச்சு குறைவு. ஒரு வேலையை எடுத்தால் நூலை முடிந்துவிட்டுத்தான் நிமிர்வாள்.

பஸ் நிறுத்தத்தில் அவள் தினமும் ஒரு விளம்பரப் பலகையைப் பார்ப்பதுண்டு. சிரித்த முகத்தோடு ஒரு போலீஸ்காரர். கீழே, 'காவலர் தவறு செய்தால் எங்களிடம் சொல்லுங்கள். தேசியக் காவல் மேற்பார்வை ஆணையம்.' அந்தப் போலீஸ்காரர் எதற்காகச் சிரிக்கிறார் என்று அவள் அதுவரை யோசித்ததில்லை. அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

ஆணையத்தின் வாசலில் காவலுக்கு நான்கு போலீஸ்காரர்கள் நின்றார்கள்.

"யார் மேல புகார்?" என்று கேட்டார் ஒருவர்.

"போலீஸ் மேல சார்."

நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்க மேல இல்லல்ல?"

"இல்ல சார். வேற ஸ்டேஷன்."

"அப்ப தாராளமா உள்ள போங்க," என்று கதவைத் திறந்துவிட்டார். அவ்வளவு மரியாதையாக ஒரு போலீஸ்காரர் அவளிடம் பேசியது அதுதான் முதல் தடவை. ஆணையம் நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

உள்ளே சுவர் முழுக்க ஒரு பெரிய கண் வரைந்திருந்தது. ஆணையத்தின் சின்னம். எப்போதும் விழித்திருக்கும் கண். ஆனால் ஏசி பெட்டி மாட்டுவதற்கு அந்தச் சுவரில் வேறு இடம் இல்லாததால் கண்ணின் மேல்பாதி மீதே மாட்டிவிட்டார்கள். எனவே அது சாப்பிட்டுவிட்டுத் தூங்கப்போகிற கண் போல இருந்தது.

வாக்குமூலம் எழுதுகிற மேஜையில் மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட ஒரு எழுத்தர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு அறிவிப்பு: 'வாக்குமூலங்கள் எழுத்து நடையில் மட்டுமே பதிவு செய்யப்படும். பேச்சு வழக்கு ஏற்கப்படாது.'

"என்னம்மா நடந்தது? சுருக்கமா சொல்லுங்க. நான் அதை முறைப்படி மாத்திக்குவேன்."

"என் தம்பியைப் புடிச்சுட்டுப் போய் ஸ்டேஷன்ல வச்சு நல்லா கவனிச்சுட்டாங்க சார்."

எழுத்தர் எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார். "'என் தம்பியை நிலையத்திற்கு அழைத்துச் சென்று நன்கு கவனித்தனர்.' சரிதானே?"

"அப்படி இல்ல சார். கவனிச்சாங்கன்னா... போட்டுப் பின்னிட்டாங்க."

"எத்தனை பேரு?"

"இன்ஸ்பெக்டரும் இன்னொருத்தரும்."

"'இருவர் சேர்ந்து பின்னினர்.' என்னத்தைப் பின்னினாங்க?"

"அவனைத்தான் சார்."

"ஆளைப் பின்ன முடியாதும்மா. அந்த இடத்தைக் காலியா விட்டுடறேன். அப்புறம்?"

"செமத்தியா குடுத்தாங்க. கால்ல லாடம் கட்டினாங்க."

எழுத்தர் பேனாவை நிறுத்தினார். "லாடம் குதிரைக்குத்தானே?"

"என் தம்பிக்குத்தான் சார் கட்டினாங்க."

அவர் சற்று யோசித்துவிட்டு, 'தாராளமாகக் கொடுத்தனர். காலணியும் அணிவித்தனர்' என்று எழுதினார். எழுத்து முத்துமுத்தாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் அந்தக் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியிருப்பார்.

"சார், அடிச்சாங்க. அடி சார். அடின்னு எழுதுங்க, போதும்."

"அப்படித் தெளிவா சொல்லுங்க. எத்தனை அடி?"

"எண்ணிக்கிட்டா இருந்தான்? ஆறு அடி வரைக்கும் தெரிஞ்சுதாம். அப்புறம் மயக்கம்."

எழுத்தர் தலையசைத்துக்கொண்டே தாளைத் திருப்பி, அங்க அடையாளங்கள் என்ற கட்டத்தில் 'உயரம்: ஆறு அடி' என்று நிரப்பினார். தம்பி அவள் தோளுக்குத்தான் வருவான்.

"சார், அது உயரம் இல்ல."

"பின்னால நாப்பது பேரு நிக்கறாங்கம்மா. கையெழுத்துப் போடுங்க. திருத்தம் இருந்தா மனு குடுக்கலாம்."

பின்னால் நாற்பது பேர் நின்றது உண்மை. அவர்கள் எல்லோரும் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கையெழுத்துப் போட்டாள்.

பத்து நாளில் தடித்த உறையில் கடிதம் வந்தது. 'காவல்துறையின் மீது தாங்கள் தெரிவித்துள்ள பாராட்டு கிடைக்கப்பெற்றது. மூன்றாம் மாடியில் உள்ள பாராட்டுப் பிரிவை அணுகவும்.' தம்பி அதைப் படித்துவிட்டு, நல்ல காதை அவள் பக்கம் திருப்பி, "என்னக்கா சொல்லிட்டு வந்தே அவங்ககிட்ட?" என்றான். அவள் சொன்னது முழுவதும் உண்மை என்பதுதான் சிக்கல்.

பாராட்டுப் பிரிவு தொடங்கி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. ஒரு அதிகாரி, இரண்டு உதவியாளர்கள், ஒரு முத்திரை. இந்த ஒன்பது வருஷத்தில் ஒரு பாராட்டும் வரவில்லை. முத்திரை புதுக்கருக்கு அழியாமல் இருந்தது. காஜா அக்கா உள்ளே நுழைந்ததும் மூன்று பேரும் எழுந்து நின்றார்கள்.

"நீங்கதானா அது," என்றார் அதிகாரி. நடுவயதுப் பெண்மணி. கண் கலங்கியிருந்தது. "உக்காருங்கம்மா. டீ சொல்லட்டுமா?"

காஜா அக்கா நடந்ததையெல்லாம் சொன்னாள். கவனித்தது என்றால் என்ன, பின்னியது என்றால் என்ன, உள்ளங்காலில் லத்தியால் கட்டிய லாடம் என்றால் என்ன, எல்லாம். அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"எங்களுக்கும் அந்த வார்த்தைக்கெல்லாம் அர்த்தம் தெரியும்மா. பைலுக்குத் தெரியாது."

"அப்ப பாராட்டை வாபஸ் வாங்கிக்கறேன் மேடம்."

"புகாரை வாபஸ் வாங்க எங்ககிட்ட பதினோரு விதமான பாரம் இருக்கு. பயந்து வாபஸ் வாங்கறதுக்குத் தனி, பயமில்லாம வாங்கறதுக்குத் தனி. பாராட்டை வாபஸ் வாங்கறதுக்கு பாரமே அச்சடிக்கல. யாரும் கேட்டதில்ல."

"புதுசா ஒரு புகார் குடுத்தா?"

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "உங்க நல்லதுக்குச் சொல்றேன். புகார் குடுத்தா என்ன ஆகும் தெரியுமா? அதை அந்த ஸ்டேஷனுக்கே அனுப்பி, இது உண்மையான்னு கேப்போம். அவங்க இல்லைன்னு எழுதுவாங்க. நாங்க நம்பிடுவோம். போலீஸ்காரங்க சொன்னா நம்பணுமில்ல?"

"பாராட்டு குடுத்தா?"

"அதையும் அங்கதான் அனுப்பி உண்மையான்னு கேப்போம்." அதிகாரி டீயை ஆற்றினார். "என்ன பதில் எழுதுவாங்கன்னு பாக்க எனக்கே ஆசையா இருக்கு."

கோர்ட்டுக்குப் பதினேழு நாள் இருக்கும்போது சரிபார்ப்பு நடந்தது. அக்காவையும் தம்பியையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். படியேறும்போது தம்பி பின்தங்கினான். அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆணையத்திலிருந்து வந்த மதிப்பீட்டாளர் ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர். அந்த ஸ்டேஷனிலேயே ஓய்வு பெற்றவர். உள்ளே வந்ததும் வழக்கமாகத் தான் உட்காருகிற நாற்காலியில் போய் உட்கார்ந்தார். இப்போதைய இன்ஸ்பெக்டர் எதிரே நின்றார்.

"இந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா?"

"பாத்ததே இல்ல சார்," என்றார் இன்ஸ்பெக்டர். ஆணையத்திலிருந்து எந்தக் கேள்வி வந்தாலும் முதலில் அதைச் சொல்வது அங்கே பழக்கம்.

"யோவ், இது புகார் இல்லய்யா. பாராட்டு. தேசிய மனிதநேயக் கவனிப்பு விருது. ஷீல்டு. புரமோஷனுக்கு மூணு புள்ளி. பாத்ததே இல்லைன்னா பூஜ்யம் போட்டுடறேன். பக்கத்து ஸ்டேஷன்காரன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

இன்ஸ்பெக்டரின் முகத்தில் ஞாபகசக்தி மெல்லத் திரும்பியது.

"அட, தம்பியா? கிட்டத்துல பாத்தாதான் அடையாளம் தெரியுது. எழுதிக்குங்க சார். மறக்க முடியுமா?"

"கவனித்த நேரம்?"

"காலைல பத்துல இருந்து பன்னிரண்டு வரைக்கும். ஒரு நிமிஷம்கூட நகரல. அன்னிக்கு வேற எந்த வேலையும் பாக்கல சார்."

"நேரடியாகவா, ஆள் வைத்தா?"

"ஏட்டு ஒருத்தர் கால் பக்கம் உதவிக்கு இருந்தாரு. மத்தபடி எல்லாம் என் கையால."

"இடம்?"

"பின்னாடி ரூம்ல. ஜன்னல் கிடையாது. தொந்தரவே இருக்காது."

"தனிமைக்கு மதிப்பளித்தல், அஞ்சு மார்க். பயன்படுத்திய உபகரணம்?"

"நம்ம லத்திதான் சார்."

"அதோட இப்போதைய நிலை?"

இன்ஸ்பெக்டர் ஒரு கணம் தயங்கினார். பிறகு பாரத்தை எட்டிப் பார்த்தார். 'கடமையில் முழுமையாகத் தேய்ந்திருப்பின் கூடுதலாகப் பத்து' என்று அதில் அச்சிட்டிருந்தது.

"அங்கயே, அந்த ரூம்லயே உடைஞ்சு போச்சு சார். அவ்வளவு ஈடுபாடு."

மதிப்பீட்டாளர் பத்து போட்டார். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினார். அவனுடைய இடது காதுப் பக்கமாக அவர் உட்கார்ந்திருந்தார்.

"பயனாளி, உங்களுக்கு ஏதாவது குறை இருக்கா?"

தம்பி விழித்தான். "கேக்கலை சார்."

"'குறை எதுவும் கேட்கவில்லை,'" என்று எழுதிக்கொண்டார் மதிப்பீட்டாளர். "மொத்தம் தொண்ணூத்தி நாலு. கையெழுத்துப் போடுங்க இன்ஸ்பெக்டர். முத்திரையும் குத்துங்க. தெளிவா விழணும்."

முத்திரை தெளிவாக விழுகிறதா என்று காஜா அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தாள். மை காய்ந்த பிறகு மெல்லக் கேட்டாள்.

"இதுல எங்களுக்கு ஒரு காப்பி கிடைக்குமா சார்? ஞாபகத்துக்கு வச்சுக்குவோம்."

"ஏன் கிடைக்காது? பாராட்டினவங்களுக்குச் சான்றிட்ட நகல் கண்டிப்பா குடுக்கணும்னு விதி இருக்கு. புகார் குடுக்கறவங்களுக்குத்தான் கூடாது."

விருது விழா ஆணையத்தின் பெரிய ஹாலில் நடந்தது. பாராட்டியவர் கையால்தான் ஷீல்டு கொடுக்க வேண்டும் என்று அதற்கும் ஒரு விதி. காஜா அக்காவை மேடையில் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் ஆணையத்தின் தலைவர். முப்பத்தைந்து வருஷம் போலீஸில் இருந்து உச்சாணிக்குப் போனவர். மைக்கைப் பிடித்தால் லேசில் விடுகிறவர் இல்லை.

"இந்த ஆணையத்துக்குப் பல்லு இல்லைன்னு பத்திரிகைல எழுதறாங்க," என்று ஆரம்பித்தார். "நான் கேக்கறேன், பல்லு எதுக்கு? யாரைக் கடிக்கணும்? எல்லாம் நம்ம புள்ளைங்க. நான் சர்வீஸ்ல இருந்தப்ப என் மேலயே நாலு புகார் வந்துச்சு. நாலையும் நானே விசாரிச்சேன். ஒளிவு மறைவு இல்லாம என்னை நானே குறுக்குக் கேள்வி கேட்டேன். நாலுலயும் நான் குற்றமற்றவன்னு எனக்கே லெட்டர் எழுதி, ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பி, கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அந்த அனுபவத்தைப் பாத்துதான் என்னை இங்க தலைவராப் போட்டாங்க."

கைதட்டல்.

"சுதந்திரமான அமைப்பான்னு சில பேருக்குச் சந்தேகம். எங்க பட்ஜெட்டைப் போலீஸ் துறைதான் ஒதுக்குது. எங்க கட்டடம் அவங்களோடது. டிரைவர் அவங்க ஆளு. இவ்வளவும் அவங்க குடுத்தும், அவங்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசணும்னு நாங்க நெனைச்சதுண்டா? கிடையாது. அப்படிப்பட்ட கட்டுப்பாடு வேற எந்த நாட்டு ஆணையத்துக்கு இருக்கு?"

மறுபடியும் கைதட்டல். காஜா அக்காவும் தட்டினாள். தட்டாவிட்டால் என்ன பாரம் நிரப்பச் சொல்வார்களோ என்று பயமாக இருந்தது.

ஷீல்டு கனமாக இருந்தது. இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தாள். போட்டோவுக்காக இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் சாய்ந்து, சிரித்த முகம் மாறாமல் சொன்னார். "ஒரு நாள் ஸ்டேஷன் பக்கம் வாங்கம்மா. உங்களையும் கவனிக்கணும்."

பஸ் நிறுத்தத்துப் பலகையில் இருந்தவரும் அதே மாதிரிதான் சிரித்துக்கொண்டிருந்தார். எதற்குச் சிரிக்கிறார் என்று அப்போது விளங்கியது. அவள் நகல் இருந்த பையை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

இருபத்தெட்டாம் தேதி கோர்ட்டில் கூட்டமில்லை. மாஜிஸ்திரேட் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். அரசு வக்கீல், லத்தியின் இரண்டு துண்டுகளையும் மேஜை மேல் வைத்து, பத்தே முக்கால் மணி, நடுச்சாலை, முழங்கால் என்று வரிசையாகச் சொல்லி முடித்தார். தம்பிக்கு இலவச வக்கீல் ஒருவரைக் கொடுத்திருந்தார்கள். அவர் அன்று வரவில்லை. காஜா அக்கா எழுந்து நின்று நகலை நீட்டினாள்.

மாஜிஸ்திரேட் படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார்.

"இன்ஸ்பெக்டர், பத்தே முக்காலுக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"ரோட்டுல மேடம்."

"பத்துல இருந்து பன்னிரண்டு வரைக்கும் ஸ்டேஷன்ல பின்பக்க ரூமை விட்டு நகரலைன்னு கையெழுத்துப் போட்டு ஷீல்டு வாங்கியிருக்கீங்க."

"அது வந்து மேடம்..."

"ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல இருந்தீங்களா? இல்ல, ஒரே லத்தி ரெண்டு தடவை உடைஞ்சுதா?"

ஹாலில் யாரோ இருமினார்கள். இன்ஸ்பெக்டர் தம்பியைப் பார்த்தார். வக்கீலைப் பார்த்தார். ஒரு பக்கம் தண்ணீர் கேன் வண்டிக்காரன் மேல் ஒரு வழக்கு. இன்னொரு பக்கம் ஷீல்டும் மூன்று புள்ளியும். அவர் நேர்மையாக முடிவெடுத்தார்.

"ஷீல்டுல இருக்கறதுதான் மேடம் உண்மை."

"அப்ப இந்த வழக்கு பொய்."

"வழக்கு... கொஞ்சம் கவனக்குறைவா எழுதிட்டோம் மேடம்."

தம்பி விடுதலை. அவனுக்கு அது சரியாகக் காதில் விழவில்லை. அக்கா வலது பக்கம் வந்து மறுபடி சொன்னாள். அவன் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"மேடம், அந்த ரூம்ல நடந்தது?" என்று காஜா அக்கா கேட்டாள்.

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது என் முன்னால இருக்கற வழக்கு இல்லம்மா. அதை விசாரிக்கறதுக்குன்னே தேசிய அளவுல ஒரு ஆணையம் இருக்கு."

விஷயம் பரவ ஒரு வாரம்கூடப் பிடிக்கவில்லை. சட்டைக் கடை வாசலில் முதலில் ஒரு பெண் வந்து நின்றாள். "காஜா அக்கா நீங்கதானே? எங்க வீட்டுக்காரரையும் நல்லா கவனிச்சாங்கக்கா. எப்படி எழுதணும்?" அடுத்த நாள் ஐந்து பேர். ஒரு பழவண்டிக்காரர், தன்னை மூன்று நாள் உட்காரவைத்து உபசரித்ததாகச் சொல்லி, நகமில்லாத விரலைக் காட்டினார். காஜா அக்கா தைத்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தாள். கோபப்படாதீங்க. நன்றின்னு ஆரம்பிங்க. நேரத்தைக் கேட்டுப் போட வைங்க. நகல் வாங்காம வராதீங்க.

பாராட்டுப் பிரிவில் முத்திரைக்கு மை போதவில்லை. ஷீல்டுக்காக ஸ்டேஷன்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டன. ஒரு ஸ்டேஷன் நாலு மணி நேரம் கவனித்தோம் என்று எழுதினால் பக்கத்து ஸ்டேஷன் இரண்டு நாள் என்று எழுதியது. எல்லாம் கையெழுத்தோடு, முத்திரையோடு. கோர்ட்டுகளில் பொய் வழக்குகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

தலைவர் அவசரக் கூட்டம் போட்டார். காவல்துறையைத் திட்டமிட்டுப் பாராட்டும் ஒரு கும்பல் நாட்டில் இயங்கிவருகிறது, அதை வேரோடு கண்டுபிடித்தாக வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. ஆணையம் தொடங்கிய நாளிலிருந்து அது நடத்திய முதல் விசாரணை அதுதான்.

ஒரு பகலில் இரண்டு விசாரணை அதிகாரிகள் சட்டைக் கடைக்கு வந்தார்கள். இளைஞர்கள். புது வேலை என்பது பையைப் பார்த்தாலே தெரிந்தது. அன்றைக்கு உள்ளே பாராட்டு எழுத வழி கேட்டு வந்த பதினாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி டெலிவரியை முடித்துவிட்டு வந்திருந்தான்.

"இந்தப் பாராட்டெல்லாம் பொய்தானேம்மா?" என்றார் ஒருவர்.

காஜா அக்கா தையல் மெஷினை நிறுத்தினாள். "ஆமா சார். பொய்தான்."

இருவரும் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். "அப்ப பொய்ன்னு நிரூபிக்கணும். ஸ்டேஷன்ல உண்மையிலேயே என்ன நடந்துச்சு, யார் செஞ்சாங்க, எதை வச்சு செஞ்சாங்க, எல்லாம் ஒண்ணு விடாம வேணும்."

"எழுத்து நடையிலயா சார்?"

"வேண்டாம், வேண்டாம். அதனாலதான் இவ்வளவு குழப்பமும். சொல்ற மாதிரியே எழுதச் சொல்லிட்டாங்க. படிக்கறவங்களுக்கு அது பாராட்டு இல்லைன்னு துளிகூடச் சந்தேகம் வரக் கூடாது."

அவள் தன் ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். தம்பி அதில் வந்து உட்கார்ந்தான். ஹாரனிலிருந்து ஆரம்பித்தான். அதிகாரி அவன் வலது பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கேட்டுக் கேட்டு எழுதினார். ஏட்டு எந்தக் காலைப் பிடித்தார் என்றுகூடக் கேட்டார். அடுத்து பழவண்டிக்காரர். அதற்கடுத்து அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர்.

நான்காவது ஆளிலேயே கொண்டுவந்த தாள் தீர்ந்துபோனது. சட்டை மடிப்புக்குள் வைக்கிற அட்டைகளை ஒரு கட்டு எடுத்து, வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி காஜா அக்கா மேஜையில் வைத்தாள். அதிகாரி தலையைத் தூக்காமல் முதல் அட்டையை இழுத்துக்கொண்டார்.

"அடுத்தவங்க வாங்க."